கன்னி மூலையில் கடப்பாரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். பாகூர் ஏரிக்கரையில் உலகநாதன் வீட்டிலோ சுவரே சித்திரம் எழுத ஆரம்பித்திருந்தது.

ஐப்பசி மழையில் தென்மேற்கு அறைச் சுவரில் மயிரிழைக் கோடாக விழுந்த விரிசல், கார்த்திகை பாதிக்குள் கிளை பிரிந்து உத்திரம் வரைக்கும் ஏறிவிட்டது. தரை குழிந்தது. கதவு நிலையில் உரசியது. போன வாரக் கதையில், அந்த மூலையில் நின்ற நெல் குதிர் கள் குடித்தவன் மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டதையும், "கொத்தனாரக் கூட்டிக்கினு வந்துதான் மறுவேல" என்று உலகநாதனின் தம்பி நாகராஜன் துண்டை உதறிக்கொண்டு கிளம்பியதையும் சொல்லி நிறுத்தியிருந்தோம்.

சொன்ன சொல் தவறாதவன் நாகராஜன். மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டே வந்துவிட்டான். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது, ஒருத்திக்கு மட்டும் உயிர் போனது.

அந்த ஒருத்தி தையலம்மாள். உலகநாதனின் மனைவி, வீட்டின் மூத்த மருமகள். ஏம்பலத்திலிருந்து அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது நாகராஜன் அரைஞாண் கயிற்றோடு திரிந்த பயல். புருஷனை இழந்த மாமியார் கனகாம்பாளுக்கு நிலம் நீச்சைப் பார்க்கவே பொழுது போதவில்லை. எனவே நாகராஜனுக்குத் தலை வாரியதும், சோறு ஊட்டியதும், முதுகில் ரெண்டு வைத்ததும் எல்லாம் தையலம்மாள்தான்.

இப்போது அவனுக்கே அமுதம் என்று ஒரு மனைவி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் ஆகிவிட்டது, மூத்தது இப்போது அங்கேதான் இருக்கிறது. இது இரண்டாவது, மாசம் நிறைந்து நிற்கிறது. பிரசவம் இந்த வீட்டில்தான், அதுவும் தென்மேற்கு அறையில்தான் நடக்க வேண்டும். வீட்டில் கதவு உள்ள அறை அது ஒன்றுதான்.

கொத்தனார் சாமிக்கண்ணு அறைக்குள் நுழையும்போதே தன் பெருமையையும் கூடவே கொண்டுவந்தார்.

"புதுச்சேரியில தொரமாருங்க பங்களாவுக்கே கடக்கால் போட்டவன் நானு. இந்த வூடு எனக்கு ஒரு வூடா?" என்றபடி தூக்குக்குண்டை விட்டுச் சுவரைப் பார்த்தார். குண்டு சுவரிலிருந்து ஒரு சாண் விலகி நின்று ஆடியது. அவர் பெருமையும் கொஞ்சம் விலகியது.

பூச்சுக் கரணையின் நுனியால் செங்கல்லைச் சுரண்டினார். வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இன்னாம்மா இது, இந்தச் செவுத்துக்கு மட்டும் உப்பு பூத்துக் கெடக்குது? மத்த செவுரெல்லாம் வைரமா நிக்கிது. இங்க உப்பு மூட்ட அடுக்கி வெச்சிருந்தீங்களா?"

தையலம்மாள் முந்திக்கொண்டாள். "மாங்கா ஊற வெக்கிற சாடி ரெண்டு வெச்சிருந்தோம்" என்றாள்.

"சாடி வெச்சதுக்கா செங்கல்லு இப்பிடி மாவாவும்? கூடவே பெருச்சாளியும் வள போட்டிருக்கும். கடக்கால் பூரா பொத்தலாயிருக்கும், பாத்துக்கினே இரு. மொதல்ல இந்தக் குதிரக் காலி பண்ணுங்க. அப்புறம் மூலையத் தோண்டி, அடியில இருக்கிற பழைய கல்ல எடுத்துட்டுப் புதுசா கட்டணும்."

"இன்னைக்கி செவ்வாக்கெழம. மண்ணத் தொடக் கூடாது."

"செவ்வாயோ வெறுவாயோ, செவுரு கேக்குமா?" என்றார் சாமிக்கண்ணு.

நாகராஜன் சிரித்தான். "அண்ணி ஐப்பசியிலேருந்து இதான் சொல்லிக்கினு இருக்குது. ஒரு நாளு அமாவாச, ஒரு நாளு கரிநாளு, அப்புறம் கார்த்திக தீபம். வூடு வுழுந்தப்புறம்தான் அண்ணிக்கு நல்ல நாளு பொறக்கும்போல."

தையலம்மாள் சிரிக்கவில்லை. செங்கல்லைத் தின்ற உப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்த மூலையில் தரைக்குக் கீழே அவளுடைய பிள்ளை இருந்தான்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் பிறந்தவன். தலைச்சன், ஆண். பெயர் வைப்பதற்கு முன்பே தையலம்மாளுக்கு ஜன்னி கண்டது. நினைவு வந்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. போய்விட்டது என்றார்கள்.

அந்தப் பக்கத்தில் தலைச்சன் பிள்ளை செத்தால் தாய்க்கு அழக்கூட அவகாசம் கிடையாது. தலைச்சன் மண்டையோட்டில் மை எடுப்பதற்காக மந்திரவாதிகள் குழியைத் தோண்டிவிடுவார்கள் என்று வீட்டுக்கு வீடு பயம். ஆகவே சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோகாமல், கொல்லையிலோ வீட்டுக்குள்ளோ புதைத்துவிட்டுக் காவல் இருப்பார்கள். "வெளிய வுட்டா எம்புள்ளயத் தோண்டிடுவானுங்க" என்று தையலம்மாளும் ஜன்னி வேகத்தில் கத்தினாள்.

கனகாம்பாள் வாய் கட்டிய பானை ஒன்றைக் கொண்டுவந்தாள். கன்னி மூலை எனப்படும் அந்தத் தென்மேற்கு மூலையில் சுவரை ஒட்டி ஆழமாகக் குழி வெட்டி, பானையை இறக்கி, பிணத்துக்கு உப்புக் கொட்டுகிற வழக்கப்படி மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினாள். மண்ணைத் தள்ளியவன் உலகநாதன். பானையைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தையலம்மாளை விடவில்லை. எழுந்து நிற்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

அதன் பிறகு அவள் வயிறு திறக்கவில்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையை யாரும் மிதிக்கக் கூடாது என்று தையலம்மாள் நெல் குதிரை அந்த மூலைக்கு மாற்றி வைத்தாள். கன்னி மூலையில் பாரம் இருப்பது குடும்பத்துக்கு நல்லது என்று ஊரே மெச்சியது.

கீழே உப்பு அஸ்திவாரக் கடைக்காலைத் தின்றது. மேலே குதிரின் பாரம் குழி மண்ணை அமுக்கியது. இந்த வீட்டைக் கவிழ்க்க வேண்டும் என்று எதிராளி ஒருத்தன் கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தால்கூட இத்தனை நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டான். பெற்ற பாசம் செய்தது.

நாகராஜனும் கொத்தனாரின் கையாள் செல்லப்பனும் குதிரிலிருந்து நெல்லை வாரிக் கூடத்தில் கொட்டத் தொடங்கினார்கள். நெல் இறங்க இறங்கத் தையலம்மாளுக்கு நெஞ்சு இறங்கியது. அடுத்து குதிரின் மண் உறைகளை எடுப்பார்கள். அதற்கடுத்து கடப்பாரை.

பிள்ளையின் எலும்பு கடப்பாரை முனையில் வந்தால்? அதைக் கூடை மண்ணோடு அள்ளிக் கொல்லையில் கொட்டிவிட்டால்? செத்தவன் தலைமாட்டில் இத்தனை நாள் படுத்தோமா என்று அமுதம் அலறினால்?

"அமுதம், நீ முத்தத்துலயே ஒக்காரு. உள்ள வராத" என்று சொல்லிவிட்டு, தலையில் ஒரு கோணியைக் கவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள்.

ஏரி முட்ட முட்ட நிறைந்திருந்தது. கரை கசிந்த இடத்தில் ஊர் ஆண்கள் மண் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். உலகநாதன் இடுப்பு வரைக்கும் சேறாக நின்றான். அவளைக் கண்டதும் கூடையை இறக்கிவிட்டுத் தள்ளி வந்தான்.

"இன்னா? அமுதத்துக்கு வலி எடுத்துடுச்சா?"

"இல்லீங்க. கொத்தனாரு வந்திருக்கறாரு. மூலையத் தோண்டப் போறாங்க."

உலகநாதன் முகம் சட்டென்று வெளுத்தது. "யாரு தோண்டச் சொன்னது? தை பொறக்கட்டும், நானே பாத்துக்கறேன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தேனே!"

"தம்பி கேக்கல. குதிரக் காலி பண்றாங்க. இன்னாங்க, நான் ஒண்ணு சொல்றேன். நாமளே எடுத்துடலாம். யாருக்கும் தெரியாம கொல்லையில வேற எடத்துல வெச்சிக்கலாம். ஒரு வாட்டி நான் பாத்துக்கறேன், போதும்."

"வேணாம்!" அவன் போட்ட சத்தத்தில் கரையில் நின்றவர்கள் திரும்பினார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அதத் தொறக்கவே கூடாது தையலு. அம்மா சொல்லிட்டுப் போயிருக்குது. நீ வா, நான் வந்து சொல்றேன். எவன் தோண்டறான்னு பாக்கறேன்."

அவன் உதடு நடுங்கியதைத் தையலம்மாள் பார்த்தாள். அந்த அவசரத்திலும் அவளுக்குள் ஒரு குளிர்ச்சி. இத்தனை வருஷமும் அந்த மூலையைத் தான் ஒருத்தியே சுமப்பதாக நினைத்திருந்தாள். இந்த மனுஷனுக்கும் வலித்திருக்கிறது, வாய் திறந்து சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். வரப்பில் வழுக்கியபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரார் பார்க்கப் புருஷன் கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

தெருமுனைக்கு வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மரம் முறிகிற சத்தம், கூடவே ஓடுகள் சரிகிற சத்தம், அதற்கு மேல் அமுதத்தின் கூக்குரல்.

இரண்டு பேரும் ஓடினார்கள்.

அறைக்குள் புழுதி. மூலைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு மேல் உட்பக்கமாகப் பிதுங்கி நின்றது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பனை உத்திரத்தின் முனை நழுவி இறங்கிவிட்டது. அந்த முனைக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட உரலின்மேல் ஏறி நின்று, நாகராஜன் தோள் கொடுத்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் செல்லப்பன். பாதிக் கூரையின் பாரம் இரண்டு பேர் தோளில்.

"குதிர எடுத்தோம், அவ்ளோதான்" என்றார் சாமிக்கண்ணு. "செவுரு அதுமேலதான் சாஞ்சிக்கினு இருந்திருக்குது. முட்டாவே நின்னுது அது. நான் மடையன், முட்டு குடுக்காம எடுத்துட்டேன்."

"வுட்டுட்டு வெளிய வாங்கடா!" என்று உலகநாதன் கத்தினான்.

"எப்பிடி வர்றது? தோள எடுத்தா எந்தலையிலதான் வுழும்" என்றான் நாகராஜன். வார்த்தைகளைப் பல்லுக்கு நடுவிலிருந்து பிதுக்கினான்.

ஒரு பனந்துண்டைக் கொண்டுவந்து உத்திரத்துக்கு முட்டு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வைத்த வேகத்தில் அதன் கால் தரைக்குள் ஒரு முழ ஆழம் புதைந்து, அங்கேயே சாய்ந்து கிடந்தது. மூலை முழுக்கச் சேறு. அந்தக் கொழகொழப்பை வழித்து எறிந்துவிட்டு, கெட்டி மண்ணில் கல்லைப் போட்டு, கல்லின்மேல் முட்டை நிறுத்தினால் உத்திரம் நிற்கும். வேறு வழி இல்லை. சாமிக்கண்ணு துணி துவைக்கும் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்திருந்தார். கடப்பாரையை ஓங்கினார்.

"தோண்டாத!" உலகநாதன் அவர் கையைப் பிடித்துவிட்டான்.

நாகராஜன் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினான். "அண்ணே! உத்திரம் எந்தோள்ல நிக்கிது. நீ தோண்டாதங்கறியா?"

முற்றத்தில் அமுதம் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மாமா, உங்க காலுல வுழறேன், அவருக்கு இன்னா தலையெழுத்து? தோண்ட வுடுங்க மாமா!"

தையலம்மாள் நாகராஜனைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்து, முழங்கால் வெடவெடவென்று ஆடியது. அவள் பெறாத பிள்ளை அவன். பெற்ற பிள்ளை கீழே. மேலே இருக்கிறவனைச் சாகவிட்டுக் கீழே இருக்கிறவனைக் காப்பாற்ற எந்தத் தாயாலும் முடியாது.

"கடப்பாரையக் கீழ போடு சாமிக்கண்ணு" என்றாள். "நான் தோண்டறேன்."

"நீ எதுக்கும்மா? இது ஆம்பள வேல..."

"அங்க எம்புள்ள இருக்கான்."

அமுதத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "அக்கா... அந்த மூலப் பக்கம் தல வெச்சிதானே நான் தெனம் படுத்தேன்! வயித்துல புள்ளையோட படுத்தேனே அக்கா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

தையலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பனந்துண்டைப் புரட்டித் தள்ளிவிட்டு, மண்டி போட்டாள். ஒரு கையில் கொட்டாங்கச்சி, மறு கை வெறுங்கை. சேற்றை வழித்து வழித்துப் பின்னால் எறிந்தாள்.

"கண்ணு, கொஞ்சம் நவுந்து குடுடா. ஒங்க சித்தப்பன் தோளு தாங்கலடா. அம்மா ஒன்ன மெதுவா எடுக்கறேன். பயப்படாத, யாரும் ஒன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் இருக்கறேன்."

செல்லப்பன் தோள் கொடுத்தபடியே அழுதான். சாமிக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேற்றுக்குக் கீழே வெள்ளையாக உப்பு தட்டுப்பட்டது. இறுகிப் பாறையாகக் கிடந்தது. நகம் பிய்ந்தது, வெடித்த விரலில் உப்பு ஏறி எரிந்தது. அவள் நிறுத்தவில்லை. கொட்டாங்கச்சியின் விளிம்பால் பெயர்த்துப் பெயர்த்துப் போட்டாள். குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டே தோண்டினாள். கடைசியில் பானையின் கழுத்து தெரிந்தது. மூடி மண் பூசி அடைத்தது, மேலே துணி இற்றுப்போயிருந்தது.

"எங்கிட்ட குடு" என்றான் உலகநாதன். குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் கை நீட்டினான்.

"நானே எடுக்கறேங்க."

"குடுன்றேன்ல! நீ பாக்கக் கூடாது!"

அவள் இரண்டு கையாலும் பானையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். அவன் பானையின் கழுத்தைப் பற்றி இழுத்தான். உப்பில் ஊறிய ஓடு அந்த இழுப்பைத் தாங்கவில்லை. பானை இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்தது அவள் மடியில் கொட்டியது.

தையலம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கையால் தடவிப் பார்த்தாள். எலும்பு தட்டுப்படவில்லை. மறுபடி தடவினாள். கண்ணைத் திறந்தாள்.

தவிடு.

கட்டிதட்டிப் போயிருந்தது, கறுத்திருந்தது, புளித்த வாடை அடித்தது. ஆனாலும் தவிடுதான். வாழ்நாளெல்லாம் நெல் குத்திப் புடைத்தவளுக்குக் கை சொல்லாதா?

கண்டம் உள்ள பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது நம் பக்கத்து வழக்கம். தகப்பனுக்கு ஆகாது, தாய்க்கு ஆகாது என்று ஜோசியம் வந்தால், பிள்ளையை வேறொருத்தர் கையில் கொடுத்து, விலையாக ஒரு முறம் தவிடு வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை பிறத்தியாருடையது ஆகிவிட்டால் தோஷம் போய்விடும். பெரும்பாலும் பேருக்குத்தான் விற்பார்கள், பிள்ளை வீட்டிலேயே வளரும். 'ஒன்னத் தவுட்டுக்கு வாங்கினோம்' என்று தையலம்மாளே நாகராஜனைச் சீண்டி எத்தனை தடவை அழவிட்டிருக்கிறாள்!

அவள் உலகநாதனை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கைப்பிடி தவிட்டை அள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"செத்த புள்ளைக்கு யாராவது தவிடு குடுப்பாங்களா?"

உலகநாதன் உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"சொல்லு." கல்யாணமான நாளிலிருந்து ஒருமையில் விளித்திராத புருஷனை அவள் அப்படித்தான் கேட்டாள். "எம்புள்ள செத்தானா, இல்லியா?"

"அம்மாதான்..." என்று ஆரம்பித்தான். "ரெண்டு பேர்ல ஒருத்தன்தான் இருப்பான்னு ஜோசியன் சொல்லிட்டான். தகப்பன் இல்லன்னா புள்ளன்னு. எங்கப்பனத்தான் ஏற்கெனவே பறிகுடுத்தாச்சி. என்னையும் குடுக்க முடியாதுன்னு அம்மா அழுதா. பேருக்கு வித்தா பத்தாது, தாயிக்கே தெரியக் கூடாது, அப்பதான் பலிக்கும்னு அவன் சொன்னான். வாங்கின தவிட மாட்டுக்குப் போடக் கூடாது, வெளியவும் கொட்டக் கூடாதாம். நீ ஜன்னியில கெடந்த. நான் இன்னா பண்ணுவேன் தையலு?"

மலடிக்கு வாழ்க்கைப்பட்டவன் என்று ஊர் ஏசியபோதும், இரண்டாம் தாரம் கட்டச் சொல்லிப் பெரியவர்கள் வற்புறுத்தியபோதும், மாட்டேன் என்று தலையாட்டியவன் இவன். அதை அன்பு என்று நினைத்துத்தான் தையலம்மாள் இவன் எச்சில் இலையில் சோறு தின்றாள். அது அன்பு இல்லை, பயம். இன்னொரு பிள்ளை பிறந்தால் என்ன ஆகுமோ என்று உயிருக்குப் பயந்த பயம், அப்புறம் அவளுக்குப் பயந்த பயம்.

அவள் குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்லைப் போட வேண்டிய இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"யாருக்கு வித்த?"

"ஏறி வா. அப்புறம் சொல்றேன்."

"சொல்லு. அப்புறம் ஏறுறேன். வூடு வுழுந்தா வுழட்டும். இந்த வூட்ட நான் இன்னாத்துக்குக் காத்தேன்? உப்பையும் தவிட்டையும் காத்தேனே, பாவி!"

உத்திரம் முனகியது. இரண்டு ஓடு சரிந்து செல்லப்பன் காலடியில் உடைந்தது. "கொத்தனாரே, எனக்கு முடியல" என்றான் செல்லப்பன்.

அமுதம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டாள். "அக்கா! ஒன் வயிறு எரியறது எனக்குப் புரியுது அக்கா. ஆனா அங்க நிக்கிறதும் நீ வளத்த புள்ளதானே!"

நாகராஜன் மட்டும் அவளைக் கெஞ்சவில்லை. "அண்ணி... நீ கேட்டுட்டே ஏறு. நான் தாங்கறேன்" என்றான். சொல்லும்போதே அவன் ஒரு பக்க முழங்கால் மடங்கி உரலில் இடித்தது.

தையலம்மாள் எழுந்துவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

"கல்லப் போடு சாமிக்கண்ணு" என்று கத்தியபடி தானே ஒரு பக்கம் பிடித்தாள். துவைக்கும் கல் குழிக்குள் இறங்கிக் கெட்டி மண்ணில் உட்கார்ந்தது. பனந்துண்டை அதன்மேல் நிறுத்தினார்கள். சாமிக்கண்ணு உத்திரத்துக்கும் முட்டுக்கும் நடுவில் ஆப்பை வைத்து அடித்தார். ஓர் அடி, இன்னோர் அடி. உத்திரம் விரல் பருமன் மேலே எழும்பி, முட்டின்மேல் உட்கார்ந்தது.

"எடுங்க தோள!"

செல்லப்பன் வெளியே ஓடினான். நாகராஜன் உரலிலிருந்து அப்படியே சரிந்தான். தையலம்மாள் அவனைக் கக்கத்தில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்து வந்தாள். தோள் தோலுரிந்து ரத்தம் கசிந்தது. முந்தானையால் ஒற்றினாள். "எரியுதா?" என்று கேட்டாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான்.

"இந்த முட்டு ஒரு வாரம் தாங்கும்" என்றார் சாமிக்கண்ணு. "அதுக்குள்ள மூலையப் பிரிச்சிக் கட்டியாவணும். அதுவரைக்கும் யாரும் உள்ள படுக்கக் கூடாது." அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நாகராஜனை அமுதத்திடம் விட்டுவிட்டுத் தையலம்மாள் எழுந்தாள். உலகநாதன் இன்னமும் குழியோரத்தில் மண்டியிட்டுக் கிடந்தான்.

"வூடு நின்னுடுச்சு. இப்ப சொல்லு."

"கேக்காத தையலு. அவங்க நல்லா வளத்திருக்காங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"எந்த ஊரு?"

அவன் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அபிஷேகப்பாக்கம்."

காலையில் நடந்துபோனால் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவுதான் தூரம். வருஷா வருஷம் திருவிழாவுக்கு அந்த வழியாகத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போவான். ஒவ்வொரு வருஷமும் அந்த ஊரில் ஒரே வீட்டு வாசலில் நிற்பான். தாகமாக இருக்கிறது, மோர் வாங்கிக் குடிக்கலாம் என்பான். கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடு. போன வருஷம் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தது அந்த வீட்டுப் பையன். மீசை அரும்புகிற வயசு. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா அம்மா என்று கேட்டான். அவள் போதும் என்றாள்.

தையலம்மாளின் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது.

"மோர் குடுத்த புள்ளயா?"

உலகநாதன் தலை கவிழ்ந்தான்.

"அவன் கையால வாங்கிக் குடிச்சேனே!" என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ள எதிருல நிக்கிறான், சொம்பத் திருப்பிக் குடுத்துட்டு, பக்கத்துல ஒன்னக் கூட்டிக்கினு வந்துட்டேனே!"

மடியில் ஒட்டியிருந்த தவிட்டை அவள் தட்டிவிடவில்லை. வாரி முந்தானையில் முடிந்துகொண்டு, கோணலாகிப்போன கதவு நிலையைத் தாண்டி, அபிஷேகப்பாக்கம் போகிற தெருவில் இறங்கினாள்.